மண் போன பாலமும் என் முன்பற்களும்

தோப்பூரில் நெல் ஆலை கட்டினேன். அந்த நிலத்தில் யானை நின்றால் யானையே இறங்கிவிடும் என்றார்கள். ஆலை இன்றும் இறங்காமல் நிற்கிறது. வெருகல் ஆற்றங்கரையில் மடம் கட்டினேன். வெள்ளம் வந்து ஊரெல்லாம் நுழைந்து பார்த்தது, மடத்துக்குள் நுழையவில்லை. பட்டினத்தில் ஒரு படமாளிகைக்குக் கூரை போட்டேன். அந்தக் கூரையின் வளைவைப் பார்த்த பொறியியலாளர் ஒருவர் அதற்குக் கீழே தான் இருக்கவே மாட்டேன் என்றார். பிறகு குடும்பத்தோடு வந்து முழுப்படமும் பார்த்துவிட்டுப் போனார். குறிஞ்சாக்கேணியில் கடல்நீர் உள்ளே வந்து நிற்கும் களப்புக்குள் துறைப்பாலம் போட்டேன்.

இவ்வளவையும் கட்டியது மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவன். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு ஆட்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அவர்களுக்கு நேரமில்லையாம்.

போன கிழமை இதே பக்கத்தில் நான் எழுதிய ஆலைக் கதையைப் படித்த வாசகர் ஒருவர், "நீங்கள் கட்டாதது ஏதாவது இந்தப் பகுதியில் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். உண்டு. பட்டினத்துக் கோட்டை. அதைக் கட்டும்போது நான் பிறக்கவில்லை.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று சேர வேண்டும். அது கட்டடம் இல்லை. பல்லின் அடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் சதையை நாங்கள் முரசு என்போம். அந்த முரசில் வரும் வியாதி என்ன, அதை ஏன் வெட்டித் திறந்து வைத்தியம் செய்கிறார்கள் என்பதை எங்கள் பக்கத்துச் சனத்துக்கு விளங்க வைத்தது நான்தான். டொக்டர்மார் கோபிக்கக் கூடாது. நடந்ததைச் சொல்கிறேன்.

விசில் உடைந்த காலை

வெள்ளைக்காரன் பட்டினத்துக் கப்பல் தளத்தை விட்டுப் போய்ப் பல வருடமாகியிருந்தது. பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். குறிஞ்சாக்கேணிப் பாலத்துக்குக் கால் இறக்கிக்கொண்டிருந்தோம்.

கால் இறக்குவது எப்படியென்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று நெடுமரங்களைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் கப்பி கட்டி, அதில் கயிற்றோடு இரும்புக் குண்டைத் தொங்கவிட வேண்டும். ஆட்கள் கயிற்றை இழுத்துக் குண்டை உயர்த்துவார்கள். கீழே ஒருவன் முதிரை மரக்காலைக் கையால் பிடித்து நேர்பார்ப்பான். அவன் கையை எடுத்த பிறகு குண்டை விட வேண்டும். எடுக்க முந்தி விட்டால் பிறகு அவனுக்குக் கையே இராது.

காலைப் பிடிப்பவன் எங்கள் காசிம். கிண்ணியாக்காரன். இந்தப் பக்கத்தில் அவனைப்போல் முங்கி வேலை செய்யக்கூடியவன் இல்லை. அவனும் அதையேதான் சொல்வான்.

குண்டை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று சொல்வது நான். எழுதிக் கொடுக்க அப்போது எனக்கு வராது. சத்தம் போட்டால் களப்புக் காற்று கொண்டுபோய்விடும். ஆகவே விசில். நீட்டி அடித்தால் பிடித்துக்கொள். வெட்டி அடித்தால் விடு. விரல் வைக்காமல், நாக்கு நுனியை மேல் முன்பற்களின் பின்னால் வைத்து அடிப்பேன். அக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். மற்ற முதலாளிமாருக்குக் கந்தோர் இருந்தது, மேசை இருந்தது, மணி இருந்தது. எனக்கு முன்பற்கள் இருந்தன.

அன்று காசிமின் கை மரக்காலில் இருந்தது. நீட்டி அடித்தேன். விசில் நடுவில் உடைந்தது. முன்னால் ஒரு வெட்டுச் சத்தம், பின்னால் வெறும் காற்று. வெட்டைக் கேட்டவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

காசிம் கையை இழுத்துக்கொண்டான். குண்டு காலின் தலையில் விழுந்தது. காசிம் தன் விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தான்.

"மொதலாளி, வாயில இருந்து விசிலா வந்திச்சி, இல்ல காத்தா?"

"காத்து மாறி அடிச்சிட்டுதடா."

"என்ட கை போயிருந்தா நீங்களா எனக்குச் சோறு தீத்துவீங்க?"

"தீத்தியிருப்பன்."

"உங்கட கையால தின்னுறத விட நான் பட்டினி கிடப்பன்."

கரைக்குப் போய், ஒருவரும் பார்க்காத இடத்தில் முன்பல்லை விரலால் தொட்டேன். ஆடியது. பக்கத்துப் பல்லைத் தொட்டேன். அது முந்தினதைவிட நன்றாக ஆடியது.

பூமணி தலைமாட்டை மாற்றியது

என் பற்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரு பல்லில்கூட ஓட்டை கிடையாது. பல்வலி என்று ஒரு நாள் படுத்தவனில்லை. சோடாப் போத்தல் மூடியைப் பல்லால்தான் திறப்பேன். ஒருமுறை லொறிச் சில்லு ஆணியை... அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

வெற்றிலை சின்ன வயதில் வெருகலில் பழகியது. எங்கள் தொழிலில் ஒரு கட்டடத்துக்குக் கூலியும் நாளும் குறித்துக் கொந்தராத்துப் பேசி முடித்தால் இரண்டு பக்கமும் ஒரே தட்டத்தில் வெற்றிலை எடுத்துப் போட வேண்டும். போட்டால் கதை முடிந்தது, பிறகு மாறக்கூடாது. நான் கட்டியவற்றை மேலே எழுதியிருக்கிறேன். எவ்வளவு வெற்றிலை போட்டிருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காலப்போக்கில் பற்களின் அடியில், உட்புறமாக, கறுப்பும் மண்ணிறமுமாகக் கல்லுப்போல ஒன்று படிந்தது. இதை நான் கவனித்துத்தான் இருந்தேன். கவனித்துச் சந்தோசப்பட்டேன். வெற்றிலையில் இருப்பது சுட்ட சுண்ணாம்பு. நாங்கள் சுவருக்குப் பூசுவதும் சுட்ட சுண்ணாம்பு. ஈரத்தில் இறுகுவது அதன் குணம். வாயைவிட ஈரமான இடம் எது? பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சாந்து போட்டதுபோல இறுகி, எல்லாப் பல்லையும் ஒரே சுவராகப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்தேன். பூசாமலே பூச்சு. இதில் பிழை கண்டுபிடிக்க ஒரு மேசனால் ஏலாது.

இரத்தம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வெற்றிலை போடுகிறவன் துப்புவதில் எது சாறு, எது இரத்தம் என்று யார் பார்த்தார்கள்? என் மனைவி பூமணி பார்த்தாள். கிணற்றடியில் கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச பாருங்கோ, இண்டைக்கு இன்னும் வெத்திலையே போடேல்லை. அதுக்குள்ள என்ன சிவப்பு?"

"நேத்தையான் சிவப்பு."

"நேத்தையான் சிவப்பு இப்பவோ ஒழுகுறது?"

"நல்ல வெத்திலை."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குச் சில மாதம் முந்தியே தன் தலைமாட்டை என் கால்மாட்டுப் பக்கம் மாற்றிப் படுத்துவிட்டாள். அந்தப் பக்கம்தான் காற்று வருகிறது என்றாள். காற்று வரும் சன்னல் என் பக்கத்தில் இருந்தது. நானே வைத்த சன்னல். இதையும் நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

மலர் டொக்டர்

விசில் உடைந்த பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் ஒன்றுதான். முழுப்பல்லையும் கழற்று, செட்டுப் பல் கட்டு. அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் நாற்பது தாண்டிய மனிதனுக்கு அதுதான் முறை. ஆஸ்பத்திரியில் கழற்றும் நாளில் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும்.

செட்டுப் பல்லோடு விசில் அடிக்கலாமா என்று காசிமைக் கேட்டேன். அவனுடைய காக்கா, அதாவது அண்ணன், செட்டுப் பல் கட்டியவர்.

"அடிக்கலாம் மொதலாளி. எங்கட காக்கா ஒரு நாள் தோணியில இருந்து தும்மினாரு. செட்டு கடலுக்க போச்சி. இப்ப எந்த மீனு விசிலடிக்குதோ."

ஆகவே கழற்றச் சொல்லாத டொக்டர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக ஒரு பெண் பல் வைத்தியர் வந்திருக்கிறார், கழற்றுவதற்கு முந்தி யோசிக்கிறாராம், அதனால் வரிசை மெதுவாகப் போகிறதாம் என்று முறைப்பாடு சொன்னார்கள். மலர் டொக்டர் என்று எழுதுகிறேன். முழுப்பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

சாய்ந்த கதிரையில் படுத்தேன். வாயைத் திறந்தேன். கண்ணாடிக் கம்பின் பிடியால் முன்பல்லைத் தள்ளிப் பார்த்தார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. எனக்குள் அவ்வளவு இடம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"பல்லில ஒரு பிழையும் இல்லை ஐயா," என்றார்.

"அதை நான் முந்தியே சொல்லியிருப்பன்."

"பல்லு நிக்கிற இடந்தான் பழுது."

பிறகு விளக்கினார். ஒழுங்காகத் துலக்காத ஊத்தை பல்லடியில் படிந்து கல்லாகும். கல்லின்மேல் இன்னும் ஊத்தை பிடிக்கும். முரசு வீங்கி, பல்லை விட்டு விலகும். விலகிய இடத்தில் ஒரு பை மாதிரிப் பள்ளம் விழும். அதற்குள் கிருமி குடியிருக்கும். அதோடு நடக்கிற சண்டையில் பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலி பெரிதாக இராது. ஆகவே ஆடுகிற வரைக்கும் ஆளுக்குத் தெரியாது.

"முதல்ல இந்தக் கல்லையெல்லாம் சுரண்டி எடுக்கவேணும். ஆழமான இடத்துக்குச் சுரண்டுற கம்பி எட்டாது. அதுக்கு மேல்முன்பக்கம் முரசை வெட்டித் திறந்து துப்புரவாக்கித் தைக்கவேணும். வெத்திலையை விடவேணும்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"பிள்ளை, நான் மேசன். சுண்ணாம்பு பிடிச்ச சுவரைச் சுரண்டிப்போட்டு, சுவர் நல்லா நிக்குமெண்டு என்னட்டையே சொல்லுறியளோ?"

"ஐயா, உங்கட வாயில இருக்கிறது சுவரில்லை."

"எப்பிடித் தெரியும்?"

"நான் பேராதனைக் கம்பஸில படிச்சனான்," என்றார்.

"அங்க நான் ஒண்டும் கட்டேல்லை," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பைக் கூட்டினேன். ஆடுகிற சுவருக்குப் பூச்சைக் கூட்டுவதுதானே முறை. நாக்கும் கன்னமும் வெந்து, கஞ்சியை ஆறவைத்து ஆறவைத்துக் குடித்தேன். பல் முன்போலவே ஆடியது. கலவை சரியில்லை என்று நினைத்தேன்.

காசிம் முங்கியது

அந்த வருடம் வாடை மழை பலத்தது. வெள்ளம் வடிந்த பிறகு காசிம் வந்து, பாலத்தின் நுனிக் கால் ஆடுகிறது என்றான்.

நான் இறக்கிய கால் ஆடாது என்றேன். போய்ப் பார்த்தோம். ஆடியது. மரம் உளுத்திருக்கும், நல்ல முதிரை என்று ஏமாற்றி விற்றுவிட்டான் என்று மரக்காரனைத் திட்டினேன். காசிம் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தார்பாய்ச்சிக்கொண்டு இறங்கி முங்கினான். நெடுநேரம் மேலே வரவில்லை. வந்து, பாலத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"காலு இரும்பு மாதிரி இரிக்கி மொதலாளி. ஒரு பழுதும் இல்ல."

"பிறகு ஏன் ஆடுது?"

"அடியில மண்ணில்ல. காலச் சுத்திச் சிப்பி தடிப்பாப் பிடிச்சி, அதுல குப்பை சிக்கி, தண்ணி அதுல முட்டிச் சுழண்டு அடிமண்ணத் தோண்டிப் போட்டிருக்கி. என்ட கை முழுக்கப் போகுது உள்ளுக்க."

"சிப்பி காலைப் பிடிச்சு வச்சிருக்குமெண்டுதானே சுரண்ட வேண்டாமெண்டனான்?"

"சிப்பி கால எங்க பிடிக்குது? கால்தான் சிப்பியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிது."

அந்த இடத்தில் நான் நாக்கால் முன்பல்லைத் தொட்டேன். அது ஆடியது. பாலத்தின் காலைக் கையால் தொட்டேன். அதுவும் ஆடியது. இரண்டும் ஒரே விதமாக ஆடின. கால் நல்லது. மண் இல்லை. பல் நல்லது. எலும்பு இல்லை.

"என்ன மொதலாளி, முகம் ஒரு மாதிரிப் போகுது?"

"நான் ஒண்டு கண்டுபிடிச்சிட்டன்."

"முங்கினது நானெல்லோ," என்றான் காசிம்.

கண்டுபிடிப்பை டொக்டரிடம் சொன்னது

அடுத்த நாளே போனேன். கதிரையில் படுக்காமல், நின்றபடி சொன்னேன். பல் என்பது களப்புக்குள் நிற்கும் பாலக்கால். எலும்பு அதன் அடிமண். கல் என்பது காலில் பிடித்த சிப்பி. சிப்பியில் குப்பை சிக்கினால் தண்ணீர் சுழன்று மண்ணை அரிக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் ஆடும்போதுதான் தெரியும். ஆகவே சிப்பியைச் சுரண்ட வேண்டும், சிக்கிய குப்பையை அள்ள வேண்டும். மேலே நின்று எட்டாவிட்டால் இறங்கித் திறந்து செய்ய வேண்டும்.

மலர் டொக்டர் முழுவதையும் கேட்டார்.

"ஓம் ஐயா. நான் அண்டைக்குச் சொன்னதும் உதுதான்."

"இல்லைப் பிள்ளை. நீங்கள் சொன்னது எனக்கு விளங்கேல்லை. நான் சொன்னது உங்களுக்கு உடன விளங்கிச்சுதெல்லோ? அதுதான் வித்தியாசம்."

வாசலில் கழற்றுவதற்கு நின்ற மூதூர்க்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "டொக்டர், அப்ப என்ட பல்லுக்கும் மண்ணா போயிட்டு?" என்று கேட்டார். டொக்டர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வாங்கோ, பாப்பம்," என்றார். இதைக் கவனத்தில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

ஒன்று மட்டும் கேட்டேன். "நாங்கள் பாலத்துக்குக் கல்லைப் போட்டு மண்ணை நிரப்புவம். இதுக்கு?"

"போன எலும்பு போனதுதான் ஐயா. மிச்சத்தைக் காப்பாத்தலாம். அதுவும் நீங்கள் ஒவ்வொரு நாளும் துலக்கினால்தான். விசிலுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டன்."

வெற்றிலையை விட்டேன். கொந்தராத்துத் தட்டத்தில் வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் வார்த்தையில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வேலை கைமாறிப் போனது. அதைப் பற்றி இன்றைக்கு எழுதவில்லை, அந்தக் கட்டடத்தில் வெடிப்பு விழுந்ததையும் எழுதவில்லை.

திறந்து செய்த வேலை

முதலில் பல நாள் மேல்சுரண்டல். சுரண்டியதும் பற்கள் முந்தியதைவிட ஆடுவதுபோல இருந்தது. "பாருங்கோ!" என்றேன். வீக்கம் வடியட்டும், பொறுங்கோ என்றார். வடிந்தது. கடைசியில் மேல்முன்பக்கத்தை மட்டும் திறக்க நாள் குறித்தார்.

உதட்டுக்குள் ஊசி போட்டார். சிறிது நேரத்தில் உதடு வேறு யாருடையதோ ஆனது. வெட்டியது தெரியவில்லை. பற்களின் கழுத்தோடு வெட்டி, முரசைச் சாரத்தின் ஓரம் மடிப்பதுபோல மேலே மடித்துவிட்டார் என்று பிறகு சொன்னார். அதன் கீழே கெட்ட சதையை எடுத்தார். பிறகு வேரைச் சுரண்டினார். வலியில்லை. சத்தம்தான். சீமெந்துத் தரையில் மண்வெட்டியை இழுக்கும் சத்தம், காதால் வராமல் மண்டைக்குள்ளிருந்து வந்தது. அந்தச் சத்தத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறதென்று எனக்குத் தெரிந்தது. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று கையால் காட்டினேன்.

"ஐயா, கையைக் கீழ வையுங்கோ. இது உங்கட வேலைத்தலமில்லை."

வைத்தேன். இடது பக்கத்தை அவர் இன்னொருமுறை சுரண்டினார்.

உப்புத் தண்ணீரால் கழுவி, முரசை இறக்கி, கறுப்புப் பட்டு நூலால் ஒவ்வொரு இடைவெளியிலும் தைத்தார். மேலே பிசைந்த மாப்போல ஒன்றை அப்பினார். கராம்பு வாசம் தூக்கியது. எழும்பியதும், எடுத்ததைக் காட்டச் சொன்னேன். தட்டில் கறுப்புத் துண்டுகள் கிடந்தன. பாலக்காலில் சுரண்டிய சிப்பியைச் சின்னதாக்கியதுபோல. என் சுண்ணாம்புப் பூச்சு. விரலால் நசுக்கிப் பார்த்தேன். நொறுங்கியது. நல்ல கலவையே இல்லை.

வீட்டில் பூமணி கஞ்சியோடு வந்து, கிட்ட நின்று முகர்ந்து பார்த்தாள்.

"கறிக்குத் தாளிச்ச மாதிரி இருக்கு," என்றாள். அன்றைக்குத் தலைமாடு பழைய பக்கம் திரும்பியது. சன்னல் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

அக்கரை கேட்ட நாள்

ஆறும் வரைக்கும் விசில் அடிக்கக்கூடாது என்பது கட்டளை. குறிஞ்சாக்கேணியில் நுனிக் காலுக்குத் துணைக்கால் இறக்க வேண்டியிருந்தது. சிவப்புத் துணியைக் கொடியாக ஆட்டிப் பார்த்தேன். எனக்கு வேர்க்கிறது என்று நினைத்து ஒருவன் இளநீர் கொண்டுவந்தான். வேலை நின்றது. வேறு ஆளை மேற்பார்வைக்குப் போடலாமே என்று பாலத்துக்குப் பொறுப்பான கந்தோரிலிருந்து கேட்கத் தொடங்கினார்கள்.

தையலை எடுத்தார்கள். முரசு சுருங்கியதால் பற்கள் நீளமாகத் தெரிந்தன, நடுவில் இடைவெளிகள் விழுந்தன. கண்ணாடியில் பார்த்தேன். குதிரையின் சாயல் இருந்தது. நல்ல குதிரை. பல்லை விரலால் தள்ளினேன். ஆட்டம் குறைந்திருந்தது. அசையவில்லை என்றே சொல்லலாம்.

டொக்டர் சரி என்ற பிறகு குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். குண்டு உயர்ந்தது. காசிம் காலுக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"காலைப் பிடியடா."

"முதல்ல அடிங்க. பிறகு பிடிக்கன்."

"என்னை நம்பேல்லையோ?"

"உங்கள நம்புறன். உங்கட பல்லத்தான் இன்னும் நம்பல்ல."

நாக்கு நுனியைப் பற்களின் பின்னால் வைத்தேன். புது இடைவெளிகளில் காற்று போனது. முதலில் கொக்கு கத்துவதுபோல ஒரு சத்தம். கயிற்றில் நின்ற ஒருவன் சிரிப்பை அடக்கினான். நாக்கைக் கொஞ்சம் உயர்த்தி, மறுபடி, நீட்டி அடித்தேன்.

வந்தது. பழைய குரல் இல்லை. மெல்லியது, ஆனால் கூர். உடையாமல் நின்றது. அக்கரையில் ஒருவர் குடையைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தார்.

"இது யார்ட விசிலு?" என்றான் காசிம். ஆனால் கையைக் காலில் வைத்தான். விரல்களை நன்றாக விரித்து வைத்தான்.

நேர்பார்த்துக் கையை எடுத்தான். வெட்டி அடித்தேன். குண்டு விழுந்தது.

எழுதப்பட வேண்டியது

அந்தப் பாலம் நிற்கிறது. அந்தப் பற்களும், ஒன்றைத் தவிர, நிற்கின்றன. அந்த ஒன்று போனது வேறு காரணத்தால். சோடாப் போத்தல்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். அண்மையில் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். மலர் டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். பல் அறைச் சுவரில் பெரிய படமொன்று தொங்குகிறது. ஒரு பக்கம் பல். மறுபக்கம் பாலக்கால். காலில் சிப்பி, அடியில் அரித்த மண். வருகிற நோயாளர் எல்லோருக்கும் அதைக் காட்டித்தான் விளக்குகிறார்களாம். அதைப் பார்த்துவிட்டுப் பலர் கழற்றாமல் திரும்புகிறார்களாம். படத்தின் கீழே வரைந்த சித்திர ஆசிரியரின் பெயர் இருக்கிறது. படச்சட்டம் அன்பளிப்புச் செய்த கடையின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

வைத்தியம் டொக்டருடையது. அதை நான் கேட்கவில்லை. அந்தப் பாலக்கால் என்னுடையது. அதை முதிரையில் செய்து, களப்பில் இறக்கி, ஆடவிட்டு, பிறகு என் வாயையே திறந்து கொடுத்து ஒப்பிட்டுக் காட்டியவன் நான். மூதூர்க்காரர் எட்டிப் பார்த்தது என் பேச்சைக் கேட்டுத்தான். சாட்சிக்கு அவரையே கூப்பிடலாம்.

காசிமிடம் சொன்னேன். "முங்கினது நானெல்லோ," என்று இன்னும் சொல்கிறான். ஆகவே அவன் பெயரையும் போடலாம். எனக்குக் கீழே, சற்றுச் சின்ன எழுத்தில்.

"பாலக்கால் விளக்கம்: கொந்தராத்துக்காரர் வெருகல் தம்பிப்பிள்ளை" என்று எழுதினால் போதும். மறுத்தால், நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பேன். கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. அவர்கள் காப்பாற்றித் தந்த பல்லால், பெயர் எழுதும் வரைக்கும், நீட்டி அடிப்பேன்.